ஐந்தாவது விரல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேனு பகுதியில் இருக்கிறேன். போன வருஷம் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வெள்ளை சில்க்கி சேவல் வாங்கி வந்து எங்கள் நாட்டுக்கோழிகளோடு விட்டார். முதல் ஈட்டில் ஒன்பது குஞ்சு பொரித்தது. ஐந்து குஞ்சுக்கு இரண்டு காலிலும் ஐந்தைந்து விரல். மூன்றுக்கு வழக்கம்போல நாலு. ஒன்றுக்கு இடது காலில் ஐந்து, வலது காலில் நாலு. விரல் கூடிப் பிறந்தது குடும்பத்துக்கு ஆகாது, விற்றுத் தொலை என்கிறார் மாமியார். என் தங்கை ஐந்து மாசக் கர்ப்பம். இந்தக் கோழி முட்டையை அவளுக்குக் கொடுக்கக் கூடாதாம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் மேய்ந்ததால்தான் இப்படி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கூடுதல் விரலை வெட்டிவிடலாமா? இன்னொன்று. குன்னூரில் என் அக்கா குட்டைக்கால் கோழி ஜோடி வளர்க்கிறாள். நிறைய கூமுட்டையாகப் போகிறது. அதுவும் இதுவும் ஒரே விஷயமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் முட்டை. உங்கள் தங்கைக்குத் தாராளமாகக் கொடுங்கள், நன்றாக வேகவைத்து. கீரை, பீன்ஸ், மத்தி மீன் என்று நாம் தின்பது எல்லாவற்றிலும் மரபணு இருக்கிறது. எல்லாம் வயிற்றில் செரித்துப்போகிறது. முருங்கைக்காய் தின்றவளுக்குப் பிள்ளை முருங்கைக்காய் மாதிரியா பிறக்கிறது? மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: மனுஷக் குழந்தைக்கு ஆறு விரல் இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறோம், கோழிக்கு ஐந்து வந்தால் மட்டும் ஏன் ஆகாது?

விரலை வெட்டவே வேண்டாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

குஞ்சுகளின் விரலை எல்லாம் எண்ணி எழுதியிருக்கிறீர்கள், சேவலுக்கு எத்தனை விரல் என்று எழுதவில்லை. சில்க்கிக்குக் கால்வரை பஞ்சு மாதிரி இறகு மூடியிருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. இன்றைக்குச் சாயங்காலம் கூட்டில் அடைக்கும்போது சேவலைப் பிடித்து, காலிறகை விலக்கி எண்ணுங்கள். ஐந்து இருக்கும் என்று இங்கே உட்கார்ந்தே சொல்வேன். சில்க்கி ஜாதிக்கே ஐந்து விரல்தான் அடையாளம். இங்கிலாந்தின் டார்கிங் கோழிக்கும் அப்படித்தான்.

இதை இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், ஒரு தடவை நானே தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டதுதான். வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் இதே மாதிரி குஞ்சுகளைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். நான் சேவலைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. இன்குபேட்டரில் சூடு ஏறி இறங்கியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனுஷன் இன்குபேட்டரை விற்றுவிட்டு, பெட்டைக் கோழியையே அடை வைத்தார். அடுத்த ஈட்டிலும் ஐந்து விரல். திரும்பி வந்து அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சூடு சரியில்லாவிட்டால் விரல் கோணும், சத்துக் குறைந்தால் விரல் உள்ளே மடங்கிக்கொள்ளும். எலும்பும் நகமும் வைத்த முழு விரல் ஒன்று புதிதாக முளைக்காது.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொள்ள அடுத்த முறை கோழிக்கால் சூப் வைக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நன்றாக வெந்த நாட்டுக்கோழிக் காலை எடுத்து, தோலை உரித்து, ஒவ்வொரு விரலிலும் எத்தனை எலும்புத்துண்டு என்று எண்ணுங்கள், நகத்துக்குள் இருக்கும் கடைசித் துண்டையும் சேர்த்து. பின்னால் நீட்டியிருக்கும் விரலில் இரண்டு. அங்கிருந்து வரிசையாக முன்விரல்களில் மூன்று, நாலு, ஐந்து. எந்த நாட்டுக்கோழியை அறுத்தாலும் இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. வெளிப்பக்க விரல் நடுவிரலைவிடக் குட்டை, ஆனால் துண்டு அதிகம். ஒரு விரல் தான் எத்தனையாவது விரல் என்று தெரிந்துகொண்டுதான் வளர்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

முட்டை அடை வைத்து மூன்றாம் நாள் வாக்கில், கரு ஒரு கமா மாதிரி வளைந்து கிடக்கும்போது, அதன் பக்கவாட்டில் நாலு சின்ன மொட்டு தள்ளும். முன்னால் இரண்டு இறக்கைக்கு, பின்னால் இரண்டு காலுக்கு. எலும்பு எதுவும் அப்போது இல்லை. அந்தக் கால்மொட்டின் பின்விளிம்பில், வால் பக்கமாக, ஒரு சின்ன இடத்தில் உள்ள செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கும். அது அங்கிருந்து மொட்டுக்குள் பரவும். விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் செல்லுக்கு அதிகமாகவும் நீண்ட நேரமும் கிடைக்கும், தள்ளி இருப்பதற்குக் குறைவு. ஊதுபத்தி கொளுத்திய மூலையில் வாசம் தூக்கலாக இருந்து, வாசல் பக்கம் வர வர மங்குகிற மாதிரி. அந்த அளவை வைத்துத்தான் இது கடைசி விரல், இது நடுவிரல் என்று தீர்மானமாகிறது. புரதமே எட்டாத முன்விளிம்பில் வருவதுதான் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டை விரல், நம் கால் கட்டைவிரலுக்குச் சமமானது.

அமெரிக்காவில் சாண்டர்ஸ் என்பவர் 1968-இல் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார்: கோழிக்கருவின் இறக்கைமொட்டில் பின்விளிம்புத் துண்டை வெட்டி இன்னொரு மொட்டின் முன்விளிம்பில் ஒட்டினால், மூன்று விரல் வரவேண்டிய இறக்கையில் கண்ணாடி வைத்துப் பார்த்தது போல எதிர்ப்பக்கமும் விரல்கள் வந்துவிடுகின்றன. என்ன பொருள் அதைச் செய்கிறது என்று தெரிய 1993 வரை ஆயிற்று. அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவுக்கு வைத்த பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆமாம், வீடியோ கேமில் ஓடுகிற அந்த நீல முள்ளெலியின் பெயர்தான். இதன் முன்னோடி மரபணு பழ ஈயில் கிடைத்தது. அது கெட்டுப்போனால் ஈயின் புழு உடம்பெல்லாம் முள் முள்ளாக ஆகிவிடுவதால் முள்ளெலி என்று கூப்பிட்டார்கள். அதைக் கண்டுபிடித்த இருவருக்கும் 1995-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கீழே தேரிக்காட்டுப் பக்கம் நிஜமான முள்ளெலியைப் பார்த்தவர்களுக்குப் பொருத்தம் புரியும்.

இனி உங்கள் சேவலுக்கு வருகிறேன். சில்க்கியிடம் இருப்பது புது மரபணு எதுவும் இல்லை. அந்த சோனிக் மரபணுவும் பழுதாகவில்லை. அதைக் கைகால் மொட்டில் எரியவிடுகிற ஸ்விட்ச் ஒன்று தனியாக இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து பங்களாவின் வாசல் விளக்குக்கு ஸ்விட்சைக் கொண்டுபோய் தொழிற்சாலைக்குள் வைத்தது மாதிரி, மரபணுவிலிருந்து வெகுதூரம் தள்ளி, அதுவும் சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவில். மனிதனிலும் எலியிலும் அந்தத் தூரம் சுமார் பத்து லட்சம் எழுத்து (டி.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எழுத்து என்பார்கள்). சில்க்கியில் அந்த ஸ்விட்சில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் பின்விளிம்பில் மட்டும் எரிய வேண்டிய விளக்கு கால்மொட்டின் முன்விளிம்பிலும் கொஞ்சம் எரிகிறது. கட்டைவிரல் பக்கம் புரதம் போய்ச் சேர்கிறது, அங்கே இன்னொரு விரல். உங்கள் குஞ்சின் காலைப் பாருங்கள், கூடுதல் விரல் வெளிப்பக்கம் இருக்காது. பின்விரலுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் அதைவிட நீளமாக, மேல்நோக்கி வளைந்து நிற்கும்.

ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவில் ஆறு விரல் பூனைகள் பிரசித்தம். அவற்றிலும் இதே ஸ்விட்சில்தான் ஒரு எழுத்து மாற்றம். மனிதர்களில் கட்டைவிரல் பக்கம் விரல் கூடிப் பிறக்கிற சில குடும்பங்களிலும் இதே இடம்தான். சுண்டுவிரல் பக்கம் தொங்குகிற ஆறாம் விரலுக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள், அதை இதோடு சேர்க்காதீர்கள்.

இந்த ஸ்விட்ச் கெட்டுப்போனால்? கேரட் பாத்தி கொத்தும்போது நம் மலையில் வருமே, வால் மழுங்கின சின்ன மண்ணுளிப் பாம்பு, விஷமில்லாதது, பாவம் பார்த்ததும் அடித்துப் போடுவார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும். பாம்பு இனத்தில் இந்த ஸ்விட்ச் தேய்ந்துபோய்விட்டது. 2016-இல் ஒரு ஆய்வுக்குழு எலிக்கருவில் எலியின் ஸ்விட்சை எடுத்துவிட்டுப் பாம்பின் ஸ்விட்சை வைத்தது. எலிக்குக் கைகால் வெறும் குட்டை முளையாக நின்றுவிட்டது. மலைப்பாம்பின் ஸ்விட்சில் காணாமல் போயிருந்த 17 எழுத்தைத் திரும்பச் சேர்த்து வைத்தபோது கால் ஒழுங்காக வந்தது! பதினேழே எழுத்து. சிகூர் பக்கம் பிடிபடுகிற மலைப்பாம்பின் கழிவுத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் நகம் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், வனத்துறையினர் அனுமதித்தால் பாருங்கள். அது பின்னங்காலின் மிச்சம்.

சில்க்கியின் தலைக்குடுமியும் இந்த மாதிரி இடம் மாறிய கதைதான். ஹாக்ஸ் என்று ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. கழுத்து எங்கே முடிகிறது, விலா எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று உடம்பின் நீளவாக்கில் எல்லை போடுவது அதன் வேலை. உங்கள் தோட்டத்துக்குள் வருகிற காட்டெருமைக்குக் கழுத்தில் ஏழு முள்ளெலும்பு, உங்களுக்கும் ஏழு, எலிக்கும் ஏழு, கோழிக்குப் பதினாலு. காட்டெருமையின் திமிலைப் பார்த்தால் கழுத்தே வேறு மாதிரி இருக்கும் போலத் தோன்றும். ஆனால் அந்த மேடு, கழுத்துக்குப் பின்னால் உள்ள முதுகெலும்புகளின் மேல்முள் நீண்டதால் வந்தது. கழுத்து எலும்பு ஏழுதான். 2003-இல் எலியில் ஹாக்ஸ்-10 என்ற தொகுதியை முழுக்க நீக்கியபோது, விலாவே இல்லாத இடுப்பு முள்ளெலும்புகளில் எல்லாம் விலா முளைத்தது. அதாவது விலா வேண்டாம் என்று தடுத்துக்கொண்டிருந்தது அது.

குடுமிக் கோழியில் உடம்புத் தோலுக்கான ஹாக்ஸ் சி8 மரபணு தலைத்தோலிலும் எரிகிறது, அங்கே நீள இறகு வருகிறது. இதில் உங்களுக்கு வேலை ஒன்று உண்டு. குடுமி பெரிதாக உள்ள குஞ்சுகளில் சிலதுக்கு மண்டை ஓட்டின் உச்சி முழுதாக மூடியிருக்காது, விரலால் தொட்டால் மேடாகவும் மெத்தென்றும் இருக்கும். மற்றக் கோழி அங்கே கொத்தினால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒன்று இருந்தால் தனிப் பஞ்சாரத்தில் போடுங்கள்.

சரி, ஒன்பது குஞ்சில் மூன்றுக்கு ஏன் நாலு விரல்? இந்த மாற்றம் அப்பா, அம்மா யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், விரல் வரலாம். ஆனால் வந்தே தீரும் என்றில்லை. எழுத்து மாற்றம் இருந்தும் விரல் வராத கோழி உண்டு. ஒரு காலில் மட்டும் வருவதும் உண்டு. உங்கள் அந்த ஒற்றைக்கால் குஞ்சு இதற்கு நல்ல சாட்சி. அதன் இரண்டு காலிலும் மரபணு ஒன்றுதான். முன்விளிம்பில் எரிந்த மங்கல் விளக்கு ஒரு பக்கம் விரலாகும் அளவுக்கு எட்டியது, மறுபக்கம் எட்டவில்லை. சேவலே கலப்பாக இருந்தால் பாதிக் குஞ்சுக்குத்தான் மாற்றம் போயிருக்கும். ஒன்பது குஞ்சை வைத்து இதுவா அதுவா என்று சொல்ல முடியாது, இன்னும் இரண்டு மூன்று ஈடு வேண்டும். சந்தையில் நாட்டுக்கோழி என்று விற்பதாக இருந்தால், நாலு விரல் குஞ்சும் மாற்றத்தை ஒளித்து வைத்திருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். வெளியிலிருந்து போகிற பொருள் கருவின் எலும்பைக் குலைக்கும் என்பது உண்மை. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் பதினாலாம் நாள் வாக்கில் மலைப்புல்வெளியில் வளர்ந்த ஒரு காட்டுச்செடியைத் தின்றதுதான் காரணம். அந்தச் செடியில் உள்ள நஞ்சு தடுப்பது எதைத் தெரியுமா? இதே ஹெட்ஜ்ஹாக் புரதத்தின் செய்தியை. விரலைப் பிரிக்கிற அதே மரபணு தலையில் முகத்தை இரண்டு பக்கமாகப் பிரிக்கவும் வேலை செய்கிறது. ஆனால் நஞ்சென்றால் ஒரு ஈட்டில் பல விதமான குறை தெரியும், குஞ்சு முட்டையிலேயே சாகும், நஞ்சு நின்றால் குறையும் நிற்கும். உங்கள் குஞ்சுகளுக்கு ஒரே இடத்தில் ஒரே மாதிரி, நகத்தோடு விரல், அப்பனும் சில்க்கி. மருந்து அடித்த பாத்தியில் கோழியை மேயவிடாதீர்கள், அது வேறு காரணங்களுக்காக.

அக்காவின் குட்டைக்கால் கோழி வேறு விஷயம், ஆனால் அதே குடும்பத்துப் பங்காளி. அந்த மரபணுவின் பெயர் இந்தியன் ஹெட்ஜ்ஹாக். கால் எலும்பு முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகுதான் எலும்பாகிறது. குருத்து எவ்வளவு நீளம் வளர்ந்தபின் எலும்பாக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது இதன் வேலை. குட்டைக்கால் ஜாதிகளில் இரண்டு பிரதியில் ஒன்று தொலைந்திருக்கிறது. ஒன்று போனால் கால் குட்டை. இரண்டும் போனால் கரு அடை வைத்த சில நாளிலேயே செத்துவிடும். குட்டையோடு குட்டை சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு முட்டைக்கு இந்தக் கதி. அடையில் தப்பு இல்லை, கோழியிலும் நோய் இல்லை. அக்காவிடம் சொல்லுங்கள்: குட்டைக்கால் சேவலுக்குச் சாதாரணக் கால் பெட்டையைச் சேர்க்கட்டும். இந்தக் காரணத்தால் முட்டை சாகாது, பொரிக்கிறதில் பாதி குட்டைக்காலாகவே வரும். ஜோடியாகக் குட்டையை வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது வீண். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து வளராத முட்டையை எடுத்துவிட்டால் கூடு நாறாமலாவது இருக்கும்.

இப்போது அந்த விரல். உள்ளே எலும்பும் ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கிறது, வெட்டினால் குஞ்சு ரத்தம் போயே சாகலாம். அது தரையைத் தொடாததால் நகம் தேயாமல் சுருண்டு வளரும், சில சமயம் பக்கத்து விரலிலேயே குத்தும். மாதம் ஒரு முறை நகவெட்டியால் நுனியை மட்டும் எடுங்கள். நகத்துக்குள் சிவப்பாகத் தெரிகிற இடத்துக்குப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கோத்தகிரிப் பக்கம் மழை விடாது. இரண்டு பின்விரலுக்கும் நடுவில் சேறு ஒட்டி, செதில் தூக்கி, வெள்ளைப் பொருக்கு வரும். அது செதிலுக்கடியில் புகுகிற நுண்ணிய உண்ணிப்பூச்சியின் வேலை. வெந்நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகப் பூசுங்கள், வாரம் இரண்டு தடவை. சில்க்கியின் இறகில் தண்ணீர் வழிந்து ஓடாது, பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். நனைந்தபடி இராத்திரிக் குளிரில் கிடந்தால் காலையில் விறைத்துக் கிடக்கும். அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

அந்த ஒற்றைக்கால் ஐந்து விரல் குஞ்சை விற்றுவிடாதீர்கள். ஒரு கலர் வளையம் போட்டு வையுங்கள். அது பெட்டையாக இருந்தால், முதல் ஈட்டை நாலு விரல் நாட்டுச் சேவலுக்குச் சேர்த்து அடை வைத்து, எத்தனை குஞ்சு, எந்தக் காலில் எத்தனை விரல் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். சேவலின் விரலையும் சேர்த்து.